புள்ளி ஏன் கடலில் விழுகிறது? – வரைபட மென்பொருள் பற்றிய வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்கின்றன: வரைபடத்தில் போட்டது போட்ட இடத்தில் நிற்கவில்லை. அதனால் முதல் இரண்டு கேள்விகளுக்குக் கொஞ்சம் நீளமாகவே எழுதியிருக்கிறேன். மற்றவற்றுக்குச் சுருக்கமான பதில்தான். பெரும்பாலான வாசகர்கள் க்யூஜிஐஎஸ் (QGIS) என்ற வரைபட மென்பொருளைப் பயன்படுத்துவதாகச் சொல்லியிருப்பதால் மெனு பெயர்கள் எல்லாம் அதிலிருந்தே. வேறு மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கும் காரணங்கள் இவைதான், பொத்தான்தான் வேறு இடத்தில் இருக்கும்.

கேள்வி: ஆய்வுக்காக எழுபது இடங்களின் அட்சரேகை, தீர்க்கரேகையை எக்செல்லில் தட்டி, சிஎஸ்வியாகச் சேமித்து க்யூஜிஐஎஸ்ஸில் ஏற்றினேன். பல புள்ளிகள் பனிக்கடல் பக்கம் போய்விட்டன, சில ஆப்பிரிக்காவுக்குப் பக்கத்தில் கடலில் விழுகின்றன, மீதி சரியான ஊரில் இருக்கிற மாதிரி தெரிந்தாலும் இருபது கிலோமீட்டர் தள்ளி நிற்கின்றன. மென்பொருளை அழித்துத் திரும்ப நிறுவியும் பார்த்துவிட்டேன். – ஒரு முதுகலை மாணவி

பதில்: மென்பொருளை விட்டுவிடுங்கள், அதன் மேல் தப்பில்லை. உங்கள் கடிதத்தில் மூன்று வெவ்வேறு கோளாறுகள் இருக்கின்றன. அவை ஒரே கோப்பில் சேர்ந்து வந்ததால்தான் இவ்வளவு குழப்பம். நல்ல வேளையாக, புள்ளி எங்கே போய் விழுந்தது என்பதே காரணத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

பனிக்கடலுக்குப் போனவை எக்ஸ், ஒய் இடம் மாறியவை. நாம் பேச்சில் அட்சரேகையை முதலில் சொல்லிப் பழகிவிட்டோம், கைப்பேசி வரைபடங்களும் அப்படித்தான் காட்டுகின்றன. ஆனால் எக்ஸ் என்பது கிடைத்திசை, அதாவது கிழக்கு மேற்கு. அதனால் எக்ஸ் கட்டத்தில் தீர்க்கரேகைதான் வர வேண்டும், ஒய் கட்டத்தில் அட்சரேகை. அட்சரேகை 20, தீர்க்கரேகை 75 என்று இருக்கும் ஓர் இடத்தை மாற்றிப் போட்டால் அது 75 பாகை வடக்கு, 20 பாகை கிழக்கு ஆகிவிடும், அதாவது நார்வேக்கும் வடக்கே குளிர்ந்த கடல். ஜியோஜேசன், கேஎம்எல் என்ற வரைபடக் கோப்பு வடிவங்கள் இரண்டிலும்கூட தீர்க்கரேகைதான் முதலில் எழுதப்படும். கையால் அந்தக் கோப்புகளைத் திருத்துகிறவர்கள் அடிக்கடி சறுக்குவது இங்கேதான்.

ஆப்பிரிக்காவுக்குப் பக்கத்தில் விழுந்தவை பூச்சியம், பூச்சியம். கினி வளைகுடாவில் நிலநடுக்கோடும் முதன்மைத் தீர்க்கரேகையும் வெட்டிக்கொள்ளும் இடம் அது. வரைபடக்காரர்கள் அதற்கு ‘நல் ஐலண்ட்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள், தீவு எதுவும் கிடையாது. விவரம் தெரியாத வரிசைகளில் 0 என்று நிரப்பியிருப்பீர்கள், பாருங்கள். தெரியாததைக் காலியாக விடுங்கள், பூச்சியம் போடாதீர்கள். பூச்சியமும் ஒரு விலாசம்தான்.

இருபது கிலோமீட்டர் தள்ளிப் போனவைதான் உண்மையிலேயே ஆபத்தானவை, ஏனென்றால் கண்ணுக்குச் சரி போலவே தெரியும். 12 பாகை 30 நிமிடம் 36 நொடி என்று குறித்து வைத்ததை 12.3036 என்று தட்டியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நிமிடத்தை 60ஆலும் நொடியை 3600ஆலும் வகுத்துக் கூட்ட வேண்டும்: 12 + 0.5 + 0.01, ஆக 12.51. இரண்டுக்கும் வித்தியாசம் 0.2064 பாகை. அட்சரேகையில் ஒரு பாகை சுமார் 111 கிலோமீட்டர் என்பதால் கிட்டத்தட்ட 23 கிலோமீட்டர் பிசகு, நீங்கள் சொன்ன கணக்குக்குப் பொருந்துகிறது. சிஎஸ்வி ஏற்றும் பெட்டியிலேயே பாகை–நிமிடம்–நொடி வடிவத்துக்கு ஒரு தேர்வுக் கட்டம் உண்டு, முறையாக அந்த வடிவில் எழுதியிருந்தால் அதை டிக் செய்தால் போதும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் கேட்கவில்லை என்றாலும். எக்செல் சிஎஸ்வியாகச் சேமிக்கும்போது திரையில் தெரிகிற அளவுக்குத்தான் எண்ணை எழுதும். கட்டத்தில் இரண்டு தசம இடம் மட்டும் தெரிகிற மாதிரி வைத்திருந்தால் கோப்பிலும் இரண்டுதான், மீதி போயே போய்விடும். இரண்டு தசமம் என்றால் சுமார் ஒரு கிலோமீட்டர், ஐந்து தசமம் என்றால் சுமார் ஒரு மீட்டர். புள்ளிகள் எல்லாம் கோடு போட்டு அடுக்கியது போல வரிசையாக நின்றால் இதுதான் நடந்திருக்கிறது.

கேள்வி: இரண்டு லேயர் (வரைபட அடுக்கு). ஒன்று எல்லைக்கோடு, இன்னொன்று சாலைகள். ஒன்றன் மேல் ஒன்று உட்காரவில்லை. யாரோ சொன்னார்கள் என்று எல்லைக்கோட்டு லேயரின் சிஆர்எஸ்ஸை மாற்றினேன், முன்பாவது தள்ளி நின்றது, இப்போது காணாமலே போய்விட்டது. என்ன சார் செய்வது? – அலுவலக வேலைக்காகப் புதிதாகக் கற்பவர்

பதில்: முதலில் நீங்கள் செய்த மாற்றத்தைத் திரும்பப் பழையபடி வையுங்கள். தரவுக்கு ஒன்றும் ஆகவில்லை, பயப்பட வேண்டாம்.

இந்த மென்பொருளைக் கற்பதில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் சொல்லிக் கொடுக்க அனுமதி உண்டு என்றால் நான் இதைத்தான் சொல்வேன்: கோப்புக்குள் இருப்பது வெறும் எண்கள். 500000 என்று ஓர் எண் இருந்தால் அது எங்கிருந்து, எந்த அலகில், பூமியை எந்த வடிவமாக எடுத்துக்கொண்டு அளந்தது என்று சொல்வதுதான் சிஆர்எஸ். அது தெரியாவிட்டால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை.

‘செட் லேயர் சிஆர்எஸ்’ எண்களைத் தொடுவதில்லை, அவற்றின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டை மட்டும் மாற்றுகிறது. தமிழில் எழுதிய கடிதத்தின் உறை மேல் ‘பிரெஞ்சு’ என்று எழுதி ஒட்டினால் உள்ளே இருப்பது பிரெஞ்சு ஆகிவிடாது இல்லையா, வாங்கிப் படிப்பவர் திண்டாடுவார், அவ்வளவுதான். உங்கள் எல்லைக்கோடு காணாமல் போனது அப்படித்தான். உண்மையிலேயே எண்களை மாற்றுவது ‘ரீபுரொஜெக்ட் லேயர்’. அது மொழிபெயர்ப்பு, புதிய கோப்பு ஒன்றை உண்டாக்கித் தரும். சீட்டே தப்பாக இருந்தாலோ, சீட்டே இல்லாமல் லேயர் பெயருக்குப் பக்கத்தில் கேள்விக்குறி தெரிந்தாலோ மட்டும்தான் செட் லேயர் சிஆர்எஸ்ஸைத் தொட வேண்டும்.

சரி, சரியான சீட்டு எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தந்தவரைக் கேட்பதுதான் முதல் வழி, கூச்சப்படாமல் கேளுங்கள். அது முடியாவிட்டால் லேயரின் பிராப்பர்ட்டீஸில் எக்ஸ்டென்ட் என்ற இடத்தில் இருக்கும் எண்களைப் பாருங்கள். எக்ஸ் 180க்குள்ளும் ஒய் 90க்குள்ளும் அடங்கினால் அது பாகை, அநேகமாக இபிஎஸ்ஜி 4326 (இபிஎஸ்ஜி என்பது ஒவ்வொரு சிஆர்எஸ்ஸுக்கும் கொடுத்திருக்கும் குறியீட்டு எண்). எக்ஸ் ஆறு இலக்கத்தில், இரண்டு லட்சத்திலிருந்து எட்டு லட்சம் வரை ஓடினால், பூமியைப் பட்டை பட்டையாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் யுடிஎம் ஆக இருக்க வாய்ப்பு அதிகம். ஏழு எட்டு இலக்கம், அதுவும் சுமார் இரண்டு கோடிக்குள் என்றால் இணைய வரைபடங்கள் பயன்படுத்தும் 3857 ஆக இருக்கலாம், அதன் எல்லை 20037508 மீட்டர். யுடிஎம் என்றால் எந்த மண்டலம் என்பதும் வேண்டும். பூமியை 6 பாகை அகலமுள்ள 60 பட்டைகளாகப் பிரித்திருக்கிறார்கள், தீர்க்கரேகையோடு 180 கூட்டி 6ஆல் வகுத்து, வரும் முழு எண்ணோடு ஒன்று கூட்டினால் மண்டல எண். உதாரணமாக கிழக்கு 10 பாகை என்றால் 190ஐ 6ஆல் வகுக்க 31 சொச்சம், ஆக மண்டலம் 32. வட அரைக்கோளம் என்றால் இபிஎஸ்ஜி 32632, தெற்கு என்றால் 32732.

அப்புறம் ஓர் எச்சரிக்கை. எல்லாம் செய்த பிறகும் இரண்டு லேயர்களும் ஒரே திசையில், ஒரே அளவில், சில பத்து மீட்டரோ சில நூறு மீட்டரோ விலகி நின்றால், கையால் இழுத்துப் பொருத்திவிடாதீர்கள். தயவுசெய்து. பழைய அளவீட்டில் வேறு டேட்டம் பயன்படுத்தியிருப்பார்கள், அதாவது பூமியின் வடிவத்துக்கு வேறொரு கணக்கு. அதற்குரிய சிஆர்எஸ்ஸைத் தேர்ந்தெடுத்தால் தானாகவே வந்து உட்காரும். இழுத்துப் பொருத்தினால் நீங்கள் பார்க்கிற மூலை மட்டும் சரியாகத் தெரியும், மறுமூலையில் பிழை ஒளிந்திருக்கும், அடுத்து அந்தக் கோப்பை வாங்குகிறவருக்குக் காரணமே புரியாது.

கேள்வி: ஒரு பள்ளியைச் சுற்றி 500 மீட்டர் பஃபர் (அந்தத் தூரம் வரையிலான சுற்றுப்பகுதி) போட்டால் உலகமே ஒரே நிறமாகிவிடுகிறது.

பதில்: 500 பாகை பஃபர் போட்டிருக்கிறீர்கள். லேயர் 4326இல், அதாவது பாகையில் இருக்கிறது. பஃபர் பெட்டியில் எண்ணுக்குப் பக்கத்தில் அலகு எழுதியிருக்கும், கூடவே மஞ்சள் எச்சரிக்கை முக்கோணமும் நிற்கும். முதலில் லேயரை உங்கள் பகுதியின் யுடிஎம் மண்டலத்துக்கு ரீபுரொஜெக்ட் செய்யுங்கள், பிறகு 500 என்றால் 500 மீட்டர்தான். சிலர் 500 மீட்டரைப் பாகையாக்கி 0.0045 என்று போட்டு ஒப்பேற்றுவார்கள். நிலநடுக்கோட்டை விட்டு விலக விலக ஒரு பாகைத் தீர்க்கரேகையின் நீளம் குறைந்துகொண்டே போவதால் அந்த வட்டம் தரையில் வட்டமாக இருக்காது.

கேள்வி: ஒரே நிலத்தின் பரப்பளவைக் கணக்கிட்டால் ஃபீல்ட் கால்குலேட்டரில் இரண்டு விதமாக வருகிறது, இணைய வரைபடத்தில் அளந்தால் மூன்றாவது ஒரு எண். எதை நம்புவது? – விவசாயம் சார்ந்த பணியில் இருப்பவர்

பதில்: ஃபீல்ட் கால்குலேட்டரில் டாலர் குறியுடன் வருகிற ஏரியா, புரொஜெக்ட் அமைப்பில் நீங்கள் தேர்ந்திருக்கும் எலிப்சாய்டின்படி, அதாவது பூமியின் வளைவையும் சேர்த்துக் கணக்கிடும். டாலர் இல்லாமல், அடைப்புக்குள் ஜியோமெட்ரி என்று கொடுத்து எழுதும் ஏரியா தட்டையான காகிதத்தில் அளப்பது போல லேயரின் சிஆர்எஸ்ஸிலேயே கணக்கிடும். லேயர் பாகையில் இருந்தால் அந்த விடை சதுரப் பாகை, எதற்கும் உதவாது. லேயர் 3857இல் இருந்தால் இன்னும் மோசம், ஏனென்றால் விடை நம்பும்படியாக சதுர மீட்டரில் வரும். ஆனால் அந்தப் புரொஜெக்ஷன், அதாவது உருண்டைப் பூமியைத் தட்டையாக்கும் முறை, துருவங்களை நோக்கிப் போகப் போக எல்லாவற்றையும் இழுத்துப் பெரிதாக்குகிறது. 10 பாகை அட்சரேகையில் பரப்பளவு சுமார் 3 சதவீதம் கூடும், 45 பாகையில் இரண்டு மடங்கு, 60 பாகையில் நான்கு மடங்கு. பார்ப்பதற்கு வைத்த புரொஜெக்ஷன் அது, அளப்பதற்கு அல்ல.

அதனால் டாலர் குறி போட்டதை நம்புங்கள், அதற்கு முன் புரொஜெக்ட் அமைப்பில் எலிப்சாய்டு ‘நன்’ (None, எதுவுமில்லை) என்று இல்லாமல் இருக்கிறதா என்றும் அலகு என்ன என்றும் பார்த்துவிடுங்கள். இணையத்தில் அளந்தபோது வந்த வித்தியாசம் பெரும்பாலும் நீங்கள் மூலைகளைக் கிளிக் செய்த இடம் மாறியதால் வந்திருக்கும். சிறிய நிலத்தில் மூலை இரண்டு மீட்டர் நகர்ந்தாலே பரப்பளவு கணிசமாக மாறும். எந்த மென்பொருளின் எண்ணாக இருந்தாலும் எல்லைத் தகராறுக்கு அதைச் சான்றாக எடுத்துக்கொண்டு போகாதீர்கள், அதற்கு நேரில் வந்து அளக்கும் நில அளவையாளர்தான் வேண்டும்.

கேள்வி: தமிழில் பெயர்கள் போட்டு அருமையாக ஒரு ஷேப்ஃபைல் (வரைபடத் தரவுக் கோப்பு) தயாரித்தேன். நண்பருக்கு மின்னஞ்சலில் அனுப்பினால் திறக்கவே இல்லை என்கிறார். இன்னொருவர் திறந்தார், பெயர்கள் எல்லாம் கேள்விக்குறியாக இருக்கிறதாம்.

பதில்: உங்கள் வருத்தம் எனக்கு நன்றாகவே புரிகிறது. உட்கார்ந்து ஒவ்வொரு பெயரையும் தமிழில் தட்டிய உழைப்பு அது, கேள்விக்குறியாகப் போவதற்கு அல்ல.

ஷேப்ஃபைல் என்பது பெயரில்தான் ஒரு கோப்பு. எஸ்எச்பியில் வடிவம், டிபிஎஃபில் அட்டவணை, எஸ்எச்எக்ஸில் ஒவ்வொரு வடிவமும் எஸ்எச்பியில் எங்கே இருக்கிறது என்ற சுட்டு, பிஆர்ஜேயில் சிஆர்எஸ், சிபிஜியில் எழுத்துக்குறியீடு எது என்ற தகவல். எஸ்எச்பியை மட்டும் அனுப்பியிருப்பீர்கள், அதனால் முதல் நண்பருக்குத் திறக்கவில்லை. இரண்டாமவருக்கு சிபிஜி போய்ச் சேரவில்லை, அல்லது சேமிக்கும்போதே யுடிஎஃப்-8 தேர்ந்தெடுக்கப்படவில்லை. முதல் காரணம் என்றால் லேயர் பிராப்பர்ட்டீஸில் சோர்ஸ் பகுதிக்குப் போய் என்கோடிங்கை யுடிஎஃப்-8 ஆக்கச் சொல்லுங்கள், பெயர்கள் உடனே தெரியும். இரண்டாவது என்றால் அந்தக் கோப்பில் எழுத்துகள் உண்மையிலேயே அழிந்துவிட்டன, உங்களிடம் இருக்கும் மூலத்திலிருந்து மறுபடி சேமித்துத்தான் அனுப்ப வேண்டும்.

ஆனால் நான் சொல்ல விரும்புவது வேறு: தமிழில் வேலை செய்பவர்கள் ஷேப்ஃபைலை விட்டுவிடுவது நல்லது. 1990களின் தொடக்கத்தில் எஸ்ரி நிறுவனம் உருவாக்கிய வடிவம் அது, அதன் அட்டவணைப் பகுதி அதைவிடப் பழையது. ஒரு பத்தியின் தலைப்புக்குப் பத்து பைட்தான் இடம். யுடிஎஃப்-8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் ஆகும், அதுவும் ‘பெ’ என்பது ப ஒன்று, கொம்பு ஒன்று என இரண்டு குறி. ‘பெயர்’ என்ற சின்னச் சொல்லுக்கே 15 பைட் வேண்டும், தலைப்பில் அடங்காது. உரைக்கு அதிகபட்சம் 254 பைட், அதாவது தமிழில் 84 குறிகள், ஒரு நீளமான விலாசம் பாதியில் வெட்டப்படும். ஜியோபேக்கேஜ் என்ற கோப்பு வடிவில் இந்தத் தொல்லை கிடையாது. எஸ்க்யூலைட் என்ற தரவுத்தளத்தின் அடிப்படையில் அமைந்தது, எல்லாம் ஒரே கோப்புக்குள், எத்தனை லேயர் வேண்டுமானாலும் வைக்கலாம், 2014இலேயே ஓஜிசி என்ற சர்வதேச அமைப்பின் தரமாக வந்துவிட்டது. ‘சேவ் ஃபீச்சர்ஸ் ஆஸ்’ கொடுத்தால் க்யூஜிஐஎஸ்ஸில் முதலில் வந்து நிற்பதே அதுதான். எதிர்முனையில் இருப்பவர் ஷேப்ஃபைல்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் எல்லாத் துணைக்கோப்புகளையும் ஜிப் செய்து அனுப்புங்கள்.

கேள்வி: மூன்று மணி நேரம் வரைந்தேன். புரொஜெக்டைச் சேமித்தேன், நன்றாக நினைவிருக்கிறது. மறுநாள் திறந்தால் லேயர் காலி.

பதில்: அது தற்காலிக லேயர். புரொஜெக்ட் கோப்பில் தரவு இருப்பதில்லை, எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது, என்ன நிறம் என்ற குறிப்புகள் மட்டும்தான் இருக்கும். தற்காலிக லேயர் கணினியின் நினைவகத்தில் மட்டும் இருப்பதால் மூடும்போது போய்விடும், மூடுவதற்கு முன் மென்பொருள் எச்சரிக்கத்தான் செய்யும், அவசரத்தில் சரி என்று தட்டிவிடுகிறோம். இதே போல் நானும் ஒரு முழு நாள் வேலையை இழந்திருக்கிறேன், அதை மீட்க வழி எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. இனிமேல் லேயர் பெயருக்குப் பக்கத்தில் சில்லு மாதிரி ஒரு சின்னம் தெரிந்தால் உடனே அதைக் கிளிக் செய்து கோப்பாக்கிவிடுங்கள். பஃபர், கிளிப் போன்ற கருவிகள் தருகிற விடையும் இயல்பாகத் தற்காலிக லேயர்தான்.

கேள்வி: ஒரு பழைய அச்சு வரைபடத்தை ஸ்கேன் செய்து ஜியோரெஃபரன்ஸ் செய்தேன் (பூமியில் அதன் சரியான இடத்தில் பொருத்தினேன்). மூன்று புள்ளிகள் கொடுத்தேன், பிழை பூச்சியம் என்று காட்டியது. ஆனாலும் ஆறு தரையில் ஓடுகிற இடத்துக்கும் வரைபடத்துக்கும் பொருந்தவில்லை. – ஓய்வு பெற்ற ஆசிரியர், வரலாற்று ஆர்வலர்

பதில்: ஐயா, மூன்று புள்ளி கொடுத்தால் முதல்நிலை பாலினாமியல் என்ற பொருத்தும் கணக்கில் பிழை எப்போதும் பூச்சியம்தான். அந்தக் கணக்குக்கு வேண்டிய குறைந்தபட்சமே மூன்று என்பதால், நீங்கள் தப்பான இடத்தில் வைத்தாலும் அது கச்சிதமாகப் பொருத்திவிடும், சரிபார்க்க மிச்சம் ஒன்றும் இருக்காது. பத்துப் புள்ளியாவது கொடுங்கள், நான்கு மூலைக்கும் நடுவுக்கும் பரவலாக. அப்போது ஏதாவது ஒன்றில் மட்டும் பிழை பெரிதாகத் தெரிந்தால் அந்தப் புள்ளியைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். இரண்டாம் நிலைக்குக் குறைந்தது 6, மூன்றாம் நிலைக்குக் குறைந்தது 10 புள்ளிகள் தேவை, ஆனால் நிலை கூடக் கூடப் புள்ளிகள் இல்லாத ஓரங்களில் காகிதம் விபரீதமாக வளையும். தின் பிளேட் ஸ்ப்லைன் என்ற இன்னொரு பொருத்தும் முறை எத்தனை புள்ளி கொடுத்தாலும் அத்தனையின் மேலும் பொருந்திவிடும் என்பதால் அங்கும் பிழை எண்ணை நம்ப முடியாது.

புள்ளிக்கு ஆற்றங்கரையை எடுக்காதீர்கள், ஆறு இடம் மாறும். பழைய பாலத்தின் முனை, கோட்டைச் சுவரின் மூலை, பழைய சாலைச் சந்திப்பு இவைதான் நிலையானவை. வரைபடத்திலேயே அட்சரேகை, தீர்க்கரேகைக் கோடுகள் அச்சாகியிருந்தால் அவை வெட்டும் இடங்கள் எல்லாவற்றையும் விடச் சிறந்தவை. இவ்வளவும் சரியாக இருந்தும் ஆறு மட்டும் பொருந்தவில்லை என்றால் ஆறே நகர்ந்திருக்கலாம், ஐயா. அப்படியானால் நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது பிழை அல்ல, தேடிக்கொண்டிருந்த வரலாறு.

கேள்வி: கைப்பேசியில் என் நீலப் புள்ளி பக்கத்துத் தெருவுக்குத் தாவுகிறது. நான் நகரவே இல்லை.

பதில்: திறந்த வானத்தின் கீழ் கைப்பேசி ஜிபிஎஸ் சுமார் 5 மீட்டருக்குள் சொல்லும். உயரமான கட்டடங்களுக்கு நடுவே செயற்கைக்கோள் சமிக்ஞை சுவரில் பட்டு எதிரொலித்து வருவதால் தூரம் கூடுதலாகக் கணக்காகி, புள்ளி தாவும். நீலப் புள்ளியைச் சுற்றி இருக்கும் வெளிர் வட்டத்தைப் பாருங்கள், ‘இதற்குள் எங்கோ இருக்கிறீர்கள்’ என்பதுதான் அதன் பொருள். களப்பணிக்குப் புள்ளி எடுக்கிறவர்கள் அந்த வட்டம் சுருங்கும் வரை ஒரு நிமிடம் நின்று எடுங்கள்.

கேள்வி: வயது ஐம்பத்தெட்டு. கணினி ஓரளவு தெரியும். இதை எங்கிருந்து கற்க ஆரம்பிப்பது?

பதில்: பயிற்சிப் புத்தகத்தின் முதல் பக்கத்திலிருந்து வேண்டாம். உங்களுக்குக் கண்ணை மூடினாலும் வழி தெரிகிற ஓர் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். க்யூஜிஐஎஸ் இலவசம், 2002இல் கேரி ஷெர்மன் தொடங்கியது, இன்று உலகமெங்கும் தன்னார்வலர்கள் வளர்த்து வருகிறார்கள். அதில், எல்லோரும் சேர்ந்து வரைகிற இலவச உலக வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பைப் பின்னணியாகப் போட்டு, அந்த இடத்தின் வீதிகளையும் மரங்களையும் நீங்களே ஒரு ஜியோபேக்கேஜில் வரையுங்கள். புள்ளி, கோடு, பாலிகன் மூன்றும் வந்துவிடும். பிறகு நடந்து அளந்த ஒரு தூரத்தை மென்பொருள் தருகிற தூரத்தோடு ஒப்பிடுங்கள். தெரிந்த இடத்தில் ஆரம்பித்தால் பிழை வந்தவுடன் உங்களுக்கே தெரியும், யாரும் சொல்ல வேண்டியதில்லை. தெரியாத ஊரின் பயிற்சித் தரவில் அது நடக்காது. அந்த வரைபடம் முடிந்ததும் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் விடுபட்டிருக்கும் ஒரு தெருப் பெயரைச் சேருங்கள். 2004இலிருந்து அது இப்படி ஒவ்வொருவரும் சேர்த்துச் சேர்த்துத்தான் வளர்ந்திருக்கிறது.

கேள்வி: எக்செல் அட்டவணையை எல்லைக்கோட்டு லேயரோடு ஜாயின் செய்தால் (குறியீட்டை வைத்து இணைத்தால்) எல்லா இடமும் நல் (NULL, காலி) என்று வருகிறது. இரண்டிலும் குறியீட்டு எண் ஒன்றுதான்.

பதில்: கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு. ஒன்றில் 007 என்று உரையாகவும் மற்றதில் 7 என்று எண்ணாகவும் இருக்கும், எக்செல் முன்னால் இருக்கும் பூச்சியங்களை விழுங்கிவிடும். ஃபீல்ட் கால்குலேட்டரில் எல்பேட் (lpad) என்ற கட்டளையால் முன்னால் பூச்சியம் சேர்த்து மூன்று இலக்கமாக நிரப்பி, உரை வகையில் ஒரு புதிய பத்தி உண்டாக்கி அதை வைத்து ஜாயின் செய்யுங்கள். அப்படியும் சில வரிசைகள் மட்டும் சேராவிட்டால் எண்ணுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் இடைவெளியைத் தேடுங்கள், ட்ரிம் (trim) கட்டளை போட்டால் போய்விடும்.